அத்தை வெட்டச் சொன்ன கார்

முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் அன்பு அத்தைக்கு,

லலிதா எழுதுகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று கமிட்டியில் கேட்டார்கள். "செங்கம்மா அவர்கள் அமைதியே உருவானவர்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அமைதியா? நீங்களா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களுக்கே நேராக எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

தமிழில்தான் எழுதுகிறேன். இந்த ஃபிஜியில் வெளியே எல்லோரிடமும் இந்தி பேசுகிற நாம் இரண்டு பேரும் அடுப்படிக்குள் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவோம், நினைவிருக்கிறதா? உங்கள் பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும். அந்தத் தைரியத்தில் அவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே பேசுவோம். சின்ன வயதில் கோயில் வகுப்பில் நான் எழுதிப் பழகிய தமிழ் உங்களோடு பேசித்தான் என் வாய்க்கு வந்தது.

முதலில் நல்ல சேதி. கார் ஓடுகிறது. போன வாரம் சிகடோகா சந்தை வாசலில் ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "இதன் ஒரிஜினல் நிறம் எது?" என்று கேட்டார். "இதுதான்" என்றேன். பொய்தான். ஆனால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

நிஜமான ஒரிஜினல் சாம்பல் நிறம். ஊருக்குத் திரும்பிய ஓர் இங்கிலீஷ் அதிகாரியிடம் மாமா வாங்கியது. நான் மருமகளாக வருவதற்கு வெகு காலம் முந்தி. ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்த மாமாவுக்கு அந்தக் கார்தான் பட்டமும் பதக்கமும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைப்பார். நீங்கள் உட்காரும் முன் பின்சீட்டில் செய்தித்தாள் விரிப்பார். உள்ளே எதையும் தின்னக்கூடாது, ஜன்னலில் கை வைக்கக்கூடாது. கோயிலுக்குப் போய்த் திரும்பும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே நடித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் பிறந்தது ராக்கிராக்கிப் பக்கம், அங்கே பினாங்கு என்கிற சர்க்கரை மில்லுக்குக் கரும்பு போடுகிற வீட்டில். அந்த வீட்டுக்கு மாமா ஒரு தடவைகூட உங்களைக் காரில் அழைத்துப் போகவில்லை. கல் ரோடு, கார் கெட்டுவிடும் என்பார். ரோட்டுக்குத் தார் போட்ட பிறகு, ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும் என்றார். வீட்டு வாசலில் கார் நிற்க, நீங்கள் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறிப் பினாங்குக்குப் போனீர்கள். அப்போது உங்களுக்குக் கோபம் வரவில்லையா? கேட்டிருக்கிறேன். "வந்துச்சு. யாராண்ட சொல்றது?" என்று முடித்துவிடுவீர்கள்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் மாமாவும் உங்கள் மூத்த பிள்ளை பெரியத்தானும் அந்தக் காரில் வந்துகொண்டிருந்தபோது ரோட்டை மறித்து நின்ற சிலர் இறங்கச் சொன்னார்கள். யார் எவர் என்று இன்றுவரை தெரியாது. மாமாவை வெயிலில் கைகளைத் தூக்கி நிற்கவைத்தார்கள். ஒருவன் கட்டையால் பானெட்டில் அடித்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, வீடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் மாமா அன்று காரைக் கொட்டகையில் விட்டவர் மறுபடி ரோட்டில் எடுக்கவேயில்லை. ஒடுங்கிய பானெட்டை மட்டும் தட்டி நிமிர்த்தி, பழையபடி ஞாயிறுதோறும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அப்படித்தான் அவரைப் பார்த்தேன்.

பெரியத்தான் தேவன் அடுத்த வருஷமே சிட்னிக்குப் போய்விட்டார். மாமா இறந்தபின் அவர் ஒவ்வொரு போனிலும் காரைப் பற்றித்தான் கேட்பார். அப்பா கார் அப்பா வைத்திருந்தபடியே வரவேண்டும், அதே எஞ்சின், அதே சாம்பல் பெயிண்ட், கதவுத் தூணிலிருந்து குட்டிக் கைபோல வெளியே நீளுகிற அந்தப் பழைய சிக்னல்கூட. இங்கிலாந்திலிருந்து விளக்குக் கண்ணாடியும் கைப்பிடியும் தேடித் தேடி வரவழைத்து, தன் வீட்டில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். எல்லாம் சேர்ந்ததும் காரை சிட்னிக்கு எடுத்துப் போய், பழைய கார் வைத்திருப்பவர்களின் கண்காட்சியில் நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. அதை நான் கேலி செய்யவில்லை. கையைத் தூக்கி நின்ற அப்பாவைப் பார்த்த பிள்ளை. பார்த்ததற்கு முந்தின நாளுக்குக் காரைத் திருப்பிவிடப் பார்த்தார்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் துப்பாக்கி. தலைநகர் சுவாவில் பார்லிமென்ட்டுக்குள் ஆட்களைப் பிடித்துவைத்திருந்த அந்த மாதங்களில் நம் தெருவில் வீடு வீடாகப் பலகை அடித்து மூடினார்கள். நியூசிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று ஆளுக்கொரு பக்கம். பெரியத்தான் உங்களுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டு, "நான் வந்து அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், காரையும் கப்பல்ல ஏத்திடறேன்" என்றார். கேட்டது யாரை? உங்களை இல்லை. என் வீட்டுக்காரர் குமாரிடம் சொன்னார், குமார் தலையாட்டினார்.

அதற்கடுத்த நாள்தான் குடையோடு என் கடைக்கு வந்தீர்கள். நான் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்பவள். வரிசையில் லாரி டிரைவர்களுக்குப் பின்னால் நின்று உங்கள் முறை வந்ததும் வாடிக்கையாளர் மாதிரியே கேட்டீர்கள். கார் என்று சொல்ல மாட்டீர்கள், இந்தி பேசிப் பேசி உங்களுக்கு அது காடி.

"எம்மா, வூட்டுல கீற காடி ராக்கிராக்கி வரிக்கும் ஓடணும்னா இன்னா வேணும்?"

"அத்தை, அதுக்கு ஒரிஜினல் எஞ்சின் பாகம் எதுவும் இங்க கிடைக்காது."

"ஒரிஜினலா இருந்தப்பவே அது எனக்கு ஓடலியே. வேற எதுனா போட்டா ஓடுமா?"

எனக்கு உடனே பதில் வந்துவிட்டது. அதுதான் எனக்கே ஆச்சரியம். ஓடும் என்றேன். ஜப்பான் டாக்ஸியின் எஞ்சினும் கியர்பாக்ஸும் போட்டால் ஓடும், பிரேக்கை மாற்றினால் நிற்கும். ஆனால் உள்ளே கொஞ்சம் வெட்டவேண்டியிருக்கும், வெட்டினால் பழையபடி ஆகாது, பெரியத்தான் என்னைக் கொன்றுவிடுவார்.

"அவன் வர்றதுக்குள்ள வெட்டு" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

வேலை செய்தது ஜோனேயின் ஷெட்டில். ஜோனேயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர், கரும்பு லாரிகளுக்கு வெல்டிங் அடிப்பவர், நம்மைவிட நன்றாக இந்தி பேசுவார். நாட்டில் அவனவன் அவனவன் ஜாதிசனத்தோடு ஒதுங்கிக்கொண்டிருந்த நேரம். அவரோ உங்களுக்கு ஸ்டூல் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார். நாந்தியில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு டாக்ஸியிலிருந்து எஞ்சினை எடுத்துவந்தோம். அது உள்ளே உட்காரவில்லை. எஞ்சினுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே இருக்கிற இரும்புத் தடுப்பில் ஒரு பெரிய துண்டு போகவேண்டியிருந்தது. நான் சாக்பீஸால் கோடு போட்டேன். ஜோனே கட்டரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நான் உங்களைப் பார்த்தேன். மாமா துடைத்துத் துடைத்துப் பளபளத்த இரும்பு அது.

நீங்கள் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே, "இன்னாம்மா, கோடு கோணலா கீதா?" என்றீர்கள். இல்லை என்றேன். "அப்ப வெட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு உங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. முட்டி மடங்கவில்லை, சீட்டு பின்னால் நகரவேண்டும் என்றீர்கள். ஒரு வேனின் சீட்டைப் போட்டோம். வேர்க்கிறது என்றீர்கள், ஏசி வந்தது. பாட்டுக் கேட்க வேண்டும் என்றீர்கள், கதவில் ஸ்பீக்கர் வந்தது. பெயிண்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் எதுவும் இல்லை என்று தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். அந்தப் பெயிண்ட்காரர் பூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கலக்கினாரே, அந்த நிறத்துக்கு அவர் வைத்த பெயர் இன்றும் 'ஆஜி ஆரஞ்சு', பாட்டி ஆரஞ்சு.

முதல் ஓட்டத்தை மறக்க முடியுமா? குயின்ஸ் ரோட்டில் ஏற்றத்தில் நமக்கு முன்னால் ஒரு ஹோட்டல் பஸ் போய்க்கொண்டிருந்தது. "முந்துடி" என்றீர்கள். அழுத்தினேன். பழைய எஞ்சினாக இருந்தால் பாதி ஏற்றத்தில் ஆவி விட்டிருக்கும். இது சும்மா விசில் அடித்துக்கொண்டு ஏறியது. பஸ்ஸுக்கு நேராக வந்து பார்த்தால், ஓட்டுவது நம் குமார்! நீங்கள் ஜன்னலைத் திறந்து ஒரு கையை முழுசாக வெளியே நீட்டி உங்கள் பிள்ளைக்கு டாட்டா காட்டினீர்கள். பஸ்ஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். குமார் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. உங்களோடு பேச அவருக்கு ஏது தைரியம்?

பெரியத்தான் வந்து இறங்கினார். விளக்குக் கண்ணாடியைக் கைப்பையிலேயே பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். கொட்டகை வாசலில் கனகாம்பர நிறத்தில் கார் நின்றதைப் பார்த்தவர் பானெட்டைத் தூக்கினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வெட்டின விளிம்பை விரலால் தடவிவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதார்.

"அப்பாவோட ஞாபகம்னு இருந்தது இது ஒண்ணுதாம்மா. இதையும் அறுத்துட்டீங்களே."

நீங்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். "எனக்கும் அவரு ஞாபகம் கீதுடா. உன்னவிட ஜாஸ்தியாவே கீது. அதுக்காவ காடிய இழுத்து மூடி வெக்கணுமா? அவரு பயந்துக்கினு வெச்சிட்டாரு. நான் பயப்படல."

"இங்க எப்படிம்மா பயப்படாம இருக்கறது? அதனாலதானே கூட்டிப்போக வந்தேன்."

"அங்க எனக்கு இன்னா வேலை? ஜன்னலாண்ட குந்திக்கினு நீங்க எப்ப வருவீங்கன்னு பாக்கறதா? நாளைக்கு நான் பினாங்கு போறேன். வரியா, இல்ல வூட்ல இருக்கியா?"

அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனால் காலையில் நான் காரை எடுக்கும்போது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பா நகரம் தாண்டியதும் ரோட்டில் தடுப்பு. யூனிஃபார்ம் போட்ட ராணுவத்துப் பையன்கள், தோளில் துப்பாக்கி. பின்னால் பெரியத்தான் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "திருப்பு லலிதா. திருப்பிடு." எனக்கும் பயம்தான். அந்த நாட்களில் வேறு இடங்களில் நம் இந்தியர்களின் வீடுகளைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது இந்த மலரைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் அதை மறைத்துப் பேசவில்லை. உங்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"எதுக்குத் திருப்பணும்? என் வூட்டுக்குப் போற வழி இதான்" என்றீர்கள்.

பையன் ஒருவன் குனிந்து, எங்கே போறீங்க ஆஜி என்று இந்தியில் கேட்டான். அம்மா வீட்டுக்கு என்றீர்கள். உங்கள் நரைத்த தலையைப் பார்த்தான், காரின் நிறத்தைப் பார்த்தான். பானெட்டைத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

"ஓய்லே!" என்று அவன் போட்ட ஆச்சரியக் கூச்சலில் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். அவன் மாமா லவுதோக்காவில் ஓட்டுவது இதே எஞ்சின் வைத்த டாக்ஸியாம். எப்படி உள்ளே நுழைத்தீர்கள், யார் வெல்டிங் என்று கேட்டான். ஜோனே பெயரைச் சொன்னேன். எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். எவ்வளவு வேகம் போகும் என்று ஒருவன் கேட்டதற்கு நீங்கள் உள்ளேயிருந்தே, "பஸ்ஸை முந்தும்!" என்று கத்தினீர்கள். சிரித்துக்கொண்டே தடுப்பை விலக்கிவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பெரியத்தான் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கரும்புக் காட்டு ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாம் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தவர் என் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார். "சாவி குடு."

அவர் அந்தக் காரை அதற்கு முன் ஓட்டியதே கிடையாதாம். மாமா விட்டதில்லையாம்! அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தவுவா தாண்டி, கடல் ஒரு பக்கம் மலை ஒரு பக்கமாக ரோடு வளைந்து வளைந்து போகிற இடத்தில் கியரை மாற்றி மாற்றி அவர் ஓட்டினாரே, அப்போது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பல் தெரிந்தது. நீங்கள் பொட்டலத்தைப் பிரித்து மிக்சரைத் தின்றுகொண்டே, சீட்டெல்லாம் சிந்திக்கொண்டே, அவருக்கும் ஒரு வாய் ஊட்டினீர்கள்.

பினாங்கில் உங்கள் தங்கச்சி வாசலுக்கு ஓடிவந்து, காரைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். அன்று மாலை வரை அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் அடைத்துக்கொண்டு மில் வரை போவதும் வருவதுமாக இருந்தீர்கள். பெரியத்தான்தான் டிரைவர்.

அவர் தனியாகத்தான் சிட்னிக்குத் திரும்பினார். விளக்குக் கண்ணாடியை இங்கேயே விட்டுப் போனார். அதை மாட்டினோம், பொருந்தியது. பழையது பொருந்தினால் எனக்கென்ன வருத்தம்?

பிறகு நீங்கள் போகாத இடம் உண்டா? லம்பாசாவில் கல்யாணம் என்று காரையே கப்பலில் ஏற்றி, அந்தத் தீவின் செம்மண் ரோட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தீர்கள். மழையில், சேற்றில், ஆட்டுக்குட்டியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு. கீறல் விழுந்தால், "கீறுச்சா? சரி போ" என்பீர்கள். போன வருஷம் கண்ணை மூடுகிற வரை உங்களுக்கு இந்த மண்ணில் வேலை இருந்தது.

இப்போது உங்களுக்குத் தெரியாத சேதி. பெரிய புயலுக்குப் பிறகு பினாங்கு மில் அரைப்பதில்லை என்பது நீங்கள் பார்த்ததுதான். தங்கச்சி வீட்டுக் கரும்பு இப்போதும் லாரியில் பா நகரத்துக்குத்தான் போகிறது. குமார் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு வெண்டை போட்டிருக்கிறார், நன்றாக வருகிறது. டாக்ஸி எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, புகைகிறது.

உங்கள் திதிக்குப் பெரியத்தான் தன் மகள் ஆஷாவோடு வந்திருந்தார். ஆஷா சிட்னியில் பேட்டரி பஸ்களில் வேலை செய்கிறாள். சாப்பாடு முடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டாள். "சித்தி, இந்த எஞ்சினைத் தூக்கிட்டு பேட்டரி மோட்டார் வெக்கலாமா? மேல்கூரையையும் எடுத்துட்டு கான்வாஸ் போட்டா, கடலோரமா ஓட்ட ஜோரா இருக்கும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "கை வைக்காதே. அது உங்க ஆஜி காடி. அவங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்" என்றேன்.

பெரியத்தான் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். "லலிதா, இது நான் பேசின பேச்சாச்சே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அத்தை. நீங்கள் உட்கார்ந்த சீட்டு, நீங்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கைப்பிடி. அதைக் கழற்றினால் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அவர்கள் ஊருக்குப் போன பிறகும் சில நாள் கொட்டகையில் போய் நின்றேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு சீட்டாக இருந்தது, அவ்வளவுதான். நானாகத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது.

ஆஷாவுக்குப் போன் போட்டேன். ஏற்றம் ஏறுமா, உப்புக் காற்று தாங்குமா, ராக்கிராக்கி வரை சார்ஜ் நிற்குமா என்று கவுன்டரில் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிக்குப் பதில் சொன்னாள். மீதிக்கு, "தெரியல சித்தி, செஞ்சு பாத்தாத்தான் தெரியும்" என்றாள். குரலில் அப்படி ஒரு ஆசை. எனக்கு அது போதுமாக இருந்தது. சரி, வா, செய்வோம் என்றேன்.

மழைக்காலம் முடிந்ததும் வருகிறாள். கொட்டகையைக் கூட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது: எதைக் கழற்றவேண்டும் என்றாலும் கூட நின்று பிடிப்பேன், அது அப்போது இப்படி இருந்தது என்று ஒரு தடவைகூடப் பேச்செடுக்க மாட்டேன். வேலை முடிந்த அன்று ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, வழி சொல்ல மாட்டேன்.

உங்கள் சின்ன மருமகள்,
லலிதா
சிகடோகா